பழைய கூரைக்கும் ஒரு வழிச்செலவு வேண்டும்

வீட்டுக்குக் கூரை மாற்றுவது என்றால், பேச்சு முழுவதும் வரப்போகும் கூரையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஓடா, தகடா, கான்கிரீட்டா? சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, கொத்தனார் கூலி எவ்வளவு? இவை அனைத்துக்கும் கணக்கு உண்டு. இறக்கப்படும் பழைய கூரைக்கு மட்டும் கணக்கு இல்லை. வேலை முடிந்த மறுநாள் அது வீட்டுக்குப் பின்புறம் குவிந்து கிடக்கும். அடுத்த மழைக்குள் ஓடைக்கரைக்கோ சாலையோரப் பள்ளத்துக்கோ போய்ச் சேரும். யார் கொண்டுபோனார்கள், எங்கே கொட்டினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

சமவெளியில் இந்த அலட்சியத்தை ஓரளவு மறைத்துவிடலாம். மலையில் மறைக்க முடியாது. தருமபுரியிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள வத்தல்மலையை எடுத்துக்கொள்வோம். பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு, சின்னாங்காடு, கொட்லாங்காடு எனச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். காப்பியும் மிளகும் கேழ்வரகும் சாமையும் விளையும் ஊர்கள் இவை. அங்கு செல்ல இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். சிமென்ட் மூட்டை ஏறுவதும் அந்த ஒரே சாலையில்தான். கழிவு இறங்க வேண்டியதும் அதே சாலையில்தான். ஏறுவதற்கு வாடகை கொடுக்க ஆள் இருக்கிறது. இறங்குவதற்கு வாடகை கொடுப்பது யார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கூரைகளின் வரலாறு

புல் வேய்ந்த கூரைக்கு இந்தக் கேள்வி எழுந்ததில்லை. மண் சுவரும் மூங்கிலும் புல்லும் கொண்ட பழைய மலை வீட்டில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து மேய்வார்கள். பிரித்த புல் எருக்குழிக்குப் போகும்; மூங்கில் அடுப்புக்குப் போகும். கூரை வந்த இடத்துக்கே திரும்பிவிடும். கழிவு என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை.

அடுத்து வந்த சீமை ஓடும் பெரிய தொல்லை தரவில்லை. உடையாத ஓட்டைக் கழுவி அடுக்கினால் இன்னொரு வீட்டுக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ ஆகும். கைமரத்துக்கும் ரீப்பருக்கும் விலை உண்டு. உடைந்த ஓடும் சுட்ட களிமண்தான். முற்றத்தில் பரப்பி மிதித்தால் சேறு குறையும்.

சிக்கல் தொடங்கியது கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் சீட்டிலும் கான்கிரீட் தளத்திலும்தான். முதலாவது நஞ்சு, இரண்டாவது பாரம். இரண்டுமே மண்ணுக்குத் திரும்புவதில்லை. இப்போது மாற்றப்படும் கூரைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வகையாக இருப்பதால்தான், நம் முன்னோருக்கு இல்லாத ஒரு பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

எடைதான் முதல் கணக்கு

பழைய கூரையை அகற்ற வண்டி பேசும்போது, பெரும்பாலோர் குவியலின் உயரத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். பார்க்க வேண்டியது எடையை. 500 சதுர அடிப் பரப்புள்ள ஓட்டுக் கூரையில் ஏறத்தாழ 700 ஓடுகள் இருக்கும். மரத்தைச் சேர்க்காமலே ஒன்றரை டன்னைத் தாண்டும். அதே பரப்புக்குச் சிமென்ட் சீட் போட்டிருந்தால் முக்கால் டன் அளவுக்கு வரும். கான்கிரீட்டோ வேறு கதை. 300 சதுர அடித் தளம் நாலரை அங்குலக் கனத்தில் இருந்தால் அதன் கன அளவு சுமார் 112 கன அடி. எடை ஏறத்தாழ 8 டன். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால், இன்னும் சுமார் 3 டன் கூடும்.

உடைத்த பிறகு பொருள் பெருக்கும். 112 கன அடித் தளம் உடைந்து குவிந்தால் 170 கன அடி அளவுக்கு இடம் அடைக்கும். நம் ஊர் வழக்கில் நூறு கன அடி ஒரு யூனிட். ஆக, ஒரு யூனிட் கொள்ளும் டிராக்டர் டிரெய்லருக்கு இது இரண்டு நடை என்று தோன்றும். ஆனால் ஒரு யூனிட் கான்கிரீட் இடிபாடு நான்கரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அந்தப் பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்தானது. பிரேக் சூடேறினால் பின்னாலிருக்கும் பாரமே வண்டியைத் தள்ளும். எனவே மலையில் அரைப் பாரம்தான் ஏற்ற வேண்டும். இரண்டு நடை நான்காகும். வீடு வரை வண்டி போகாத இடங்களில் தலைச்சுமைக் கூலியும் சேரும். இந்தச் செலவைக் கேட்டதும் வீட்டுக்காரர் பின்புறப் பள்ளத்தைப் பார்ப்பதில் வியப்பில்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்; அவருக்கு வழி இல்லை.

தொட்டி வைத்த ஊர்கள்

அமெரிக்காவில் வீட்டுக் கூரை மாற்றுவோர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, ‘டம்ப்ஸ்டர்’ எனப்படும் பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுப்பது. லாரி ஒன்று அதை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். சில நாட்களில் பழைய கூரை முழுவதும் அதில் விழும். லாரி வந்து தொட்டியோடு தூக்கிச் செல்லும். தொட்டிக்குக் கன அளவும் உண்டு, எடை வரம்பும் உண்டு. வரம்பு மீறினால் கூடுதல் கட்டணம். டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரின் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்ற ஒப்பந்ததாரர் 1930களில் உருவாக்கிய முறை இது. தொட்டியின் பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது.

இந்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது இரும்புத் தொட்டியை அல்ல. அதன் பின்னாலிருக்கும் ஒழுங்கை. தொட்டி வாடகை, கூரை வேலையின் மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக இருக்கிறது. கழிவு எங்கே போகும் என்பது வேலை தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. கழிவு தரையில் விழுவதில்லை. தரையில் விழாத கழிவு ஓடைக்கும் போவதில்லை.

தொட்டியைத் தூக்கும் வண்டி நமக்குப் புதிதும் அல்ல. நம் நகராட்சிகள் நெடுங்காலமாக ‘டம்பர் பிளேசர்’ வண்டிகளை வைத்துத் தெருமுனைக் குப்பைத் தொட்டிகளைத் தூக்கி வந்திருக்கின்றன. வீடு வீடாகக் குப்பை வாங்கும் முறை வந்த பிறகு பல ஊர்களில் அந்தத் தொட்டிகளுக்கு வேலை குறைந்துவிட்டது. சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலைகளை அமைத்திருக்கிறது. ஆனால் மாநகரத்தில் பிறந்த இந்த ஏற்பாடு, மலையூரின் கொட்டகை வரை நீளவில்லை.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

மத்திய அரசின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. கழிவை உண்டாக்குபவர் அதைப் பிரித்து வைக்க வேண்டும், சாலையிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது, உள்ளாட்சி அமைப்பு சேகரிப்புக்குத் தொட்டிகளை வைத்து உரிய இடைவெளியில் அகற்ற வேண்டும் என்று அவை கூறின. இந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தால், கிராம ஊராட்சியும் உள்ளாட்சி அமைப்பு என்ற சொல்லில் அடங்கும். அந்த விதிகளின் இடத்தில், 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று குறிக்கப்பட்டன. அவற்றின் முதன்மையான கவனம் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களின் மீதுதான் இருக்கிறது. அதாவது, 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி. 300 சதுர அடி வீட்டின் உரிமையாளர் இந்த விதிகளின் கண்ணில் படுவதற்கு வாய்ப்பில்லை.

பெரிய கட்டுமானங்களை முதலில் பிடிப்பது நியாயமானதே. ஆனால் தமிழ்நாட்டின் ஊரகங்களில் இப்போது நடப்பது சிறு வீடுகளின் பெரும் மாற்றம். குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்குடன், 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்டித்தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. 360 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ரூ.3.50 லட்சம் ஒதுக்கப்படுகிறது. அரசுத் திட்டங்களில் முன்பு கட்டப்பட்டுப் பழுதடைந்த இரண்டரை லட்சம் ஊரக வீடுகளை ரூ.2,000 கோடியில் சீரமைக்கும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டங்கள்; ஒழுகாத கூரை என்பது ஏழைக்குக் கிடைக்கும் முதல் மரியாதை. இருந்தாலும், லட்சக்கணக்கான புதிய கூரைகள் ஏறும்போது லட்சக்கணக்கான பழைய கூரைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் அரை டன், ஒரு டன் என்று வைத்தாலும் மாநிலம் முழுவதும் சேரும் பாரத்தை எண்ணிப் பார்க்கலாம். தனித்தனியாகச் சிறியது என்பதால் சட்டத்துக்குத் தப்பும் கழிவு, மொத்தமாகச் சிறியது அல்ல.

நஞ்சைப் பிரித்து வைப்போம்

எல்லாப் பழைய கூரையையும் ஒரே குவியலாகப் பார்ப்பது பெரும் பிழை. கல்நார் சிமென்ட் சீட்டை முதலிலேயே தனியாக எடுத்துவிட வேண்டும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எடுத்த முடிவு. பணியிடத்தில் கல்நாரை எதிர்கொள்வதால் உலகில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. நுரையீரல் உறையைத் தாக்கும் புற்றுநோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இன்று சீட்டை உடைக்கும் இளைஞருக்கு முதுமையில் வரும் நோயை யாரும் இந்தக் கூரையோடு சேர்த்துப் பார்க்கப் போவதில்லை. அதுதான் இதிலுள்ள கொடுமை. உலகில் பல நாடுகள் கல்நாரை முற்றிலும் தடை செய்துள்ளன. இந்தியாவில் கல்நார்ச் சுரங்கங்கள் நின்றுபோனாலும் இறக்குமதியும் சீட் உற்பத்தியும் நிற்கவில்லை.

அச்சமும் அளவோடு இருக்க வேண்டும். கூரை மேல் உடையாமல் இருக்கும் சீட்டில் கல்நார் இழை சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கிறது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் உலர்ந்த தூளைப் பெருக்கும்போதும்தான் அது காற்றில் பறக்கிறது. ஆகவே, கூரையை இறக்கும் நாளே ஆபத்தான நாள். அன்று கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. முதலில் சீட்டைத் தண்ணீரால் நன்றாக நனைக்க வேண்டும். கொக்கி போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டை முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. பழைய சீட் ஆளின் எடையைத் தாங்காது என்பதால் அதன்மீது நிற்கவே கூடாது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. நுண்தூளை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். இறக்கிய சீட்டுகளைக் கனமான பாலித்தீனில் இரண்டு அடுக்காகச் சுற்றி ஒட்டி, உள்ளே இருப்பது என்னவென்று எழுதி வைக்க வேண்டும். வேலை செய்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தைகள் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. கல்நார் இல்லாத சிமென்ட் சீட்டுகளும் சந்தையில் உண்டு. ஆனால் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. பழைய சீட் என்றால் கல்நார் இருக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பு.

சுற்றி வைத்த பிறகு எங்கே கொண்டுபோவது? அபாயகரக் கழிவு விதிகளில் கல்நார்க் கழிவு இடம்பெற்றுள்ளது. அந்த விதிகளோ தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அபாயகரக் கழிவைப் புதைப்பதற்கென்றே அமைந்த நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. வத்தல்மலையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பத்துச் சீட்டுக்காக ஒரு மலைவாழ் குடும்பம் அவ்வளவு தூரம் வண்டி பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது கேலி. மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் சுற்றிய சீட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்து, லாரி நிறைந்ததும் அனுப்பும் பொறுப்பை அரசுதான் ஏற்க முடியும். அதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. கூரையுள்ள ஒரு கிடங்கும், ஒரு பதிவேடும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையும் போதும்.

ஏறும் வண்டி வெறுமனே இறங்குகிறது

மீதமுள்ளதில் பெரும்பகுதி கழிவே அல்ல. கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகும். நல்ல ஓடும் மரமும் ஊரிலேயே விலைபோகும். கல்நார் கலக்காத கான்கிரீட் இடிபாட்டைக் கைப்பிடி அளவுக்கு உடைத்தால், புதிய வீட்டின் அடித்தள நிரப்புக்கும் சேறாகும் பாதைக்கும் ஆகும். மலையில் ஒரு யூனிட் கிராவல் ஏற்றி வரும் செலவை நினைத்தால், இது பணம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 நெறி, மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியை வலிமை குறைந்த அடித்தளக் கான்கிரீட்டில் முழு அளவுக்கும், கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 தரம் வரை 20 விழுக்காடும் சேர்க்க 2016இலேயே அனுமதித்துவிட்டது. இறக்குவதற்கு முன் பிரித்தால் இவையெல்லாம் பொருள். கலந்து குவித்தால் எல்லாமே குப்பை. ஒரு துண்டுக் கல்நார் சீட் கலந்துவிட்டால் குவியல் முழுவதையும் யாரும் தொட முடியாது.

பிறகும் மிஞ்சுவதைக் கீழே இறக்கியாக வேண்டும். இதற்குப் புதிதாக வண்டி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிமென்ட்டும் கம்பியும் மணலும் ஏற்றி மலைக்கு வரும் வண்டிகளில் பல, இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகின்றன. அந்தத் திரும்பு நடையைப் பயன்படுத்தலாம். வண்டி பேசும்போதே ஏறுபாரத்துக்கும் இறங்குபாரத்துக்கும் சேர்த்துப் பேசினால், தனி நடையைவிடச் செலவு குறையும். அதற்கு இரண்டு இடங்கள் தேவை. மலைமேல், வண்டி போகும் சாலையோரத்தில், ஓடைக்கு எட்டாத மேட்டில் ஊராட்சி ஒதுக்கும் ஒரு சேகரிப்பிடம். அங்கே, பயன்பாடு குறைந்த பழைய குப்பைத் தொட்டிகளில் இரண்டை வைத்தாலும் போதும். அடிவாரத்தில், இறக்கி எடைபோடும் ஓரிடம். அங்கிருந்து தருமபுரி நகராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ சாலைப் பணிகளின் நிரப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரும் வண்டி பேசும்போது சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். வாடகை நடைக்கா, நாளுக்கா? ஏற்றும் கூலி அதில் அடக்கமா? எவ்வளவு எடை வரை? தார்ப்பாய் கட்டுவார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, எங்கே கொட்டுவார்கள்? ‘அது எங்கள் பாடு’ என்று ஓட்டுநர் சொன்னால், அந்தப் பாடு ஓர் ஏரிக்கரையின் பாடாகப் போகிறது என்று பொருள்.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு வரிதான். அரசின் வீட்டுத் திட்ட மதிப்பீட்டில், சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் அடுத்தபடியாக, ‘பழைய கூரையைப் பிரித்து அகற்றுதல்’ என்று ஒரு வரி சேர வேண்டும். மலையூர்களுக்கு அதில் கூடுதல் தொகை வேண்டும். கல்நார் சீட் இருந்தால் முகக்கவசமும் பாலித்தீனும் அதே வரியில் அடங்க வேண்டும். பழைய கூரை எங்கே போனது என்று காட்டும் சேகரிப்பிடச் சீட்டைக் கடைசித் தவணைக்கு முன் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சேகரிப்பிடம் அமைத்த பிறகே அந்த நிபந்தனையை விதிக்க வேண்டும். வழியைக் காட்டாமல் தண்டிப்பது ஏழையின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

மழையிலிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போடும் கூரைக்காக, பக்கத்து ஓடையையும் அதில் இறங்கி விளையாடும் பிள்ளைகளையும் விலையாகக் கொடுக்கத் தேவையில்லை. புதிய கூரைக்குப் பணம் ஒதுக்கும் அரசு, பழைய கூரை மலையிறங்கவும் வழிச்செலவு ஒதுக்கட்டும்.